இறைத்த கிணறும் இறையாத கிணறும்

திருநீற்றுப் புதனன்று எங்கள் நெற்றியில் பூசப்படும் சாம்பல், முந்திய ஆண்டு குருத்தோலை ஞாயிறன்று பவனியில் ஏந்திச் சென்ற ஓலைகளை எரித்துப் பெறப்படுவதாகும். இது திருச்சபையின் நீண்டகால வழக்கம். சென்ற வருடம் ஆர்ப்பரிப்போடு உயர்த்திப் பிடித்த ஓலையே இவ்வருடம் சாம்பலாகி நெற்றிக்கு வருகின்றது. நேற்றைய பக்தி இன்றைக்குப் போதாது என்பதை இதைவிடத் தெளிவாக உணர்த்தும் வேறொரு சடங்கை நான் அறியேன்.

அந்தச் சாம்பலை நான் எத்தனையோ ஆண்டுகள் பேருந்து நிறுத்தத்திலேயே கைக்குட்டையால் துடைத்துவிட்டு அலுவலகம் சென்றிருக்கின்றேன். எவரும் பரிகசிப்பார்கள் என்ற அச்சத்தினால் அன்று. அது நெற்றியில் இருப்பதற்கும் இல்லாதிருப்பதற்கும் எனக்கு வேறுபாடு தெரியாமற் போயிருந்தது. அதுதான் காரணம்.

இறைவனுடனான உறவைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள் என்று ஒவ்வொரு தவக்காலத்திலும் குருவானவர்கள் மறையுரை ஆற்றுகின்றார்கள். எனக்கு மறையுரை ஆற்றும் தகுதியில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்தி எழுதிப் பிழைத்தவன் நான். அந்த உறவை இழந்து, அதன் ஒரு பகுதியையேனும் முதுமையில் மீளப் பெற்றவன் என்ற முறையில் மட்டுமே இதனை எழுதுகின்றேன்.

செபம் நின்றுபோன நாள்

யாழ்ப்பாணத்துக் கடலோரக் கிராமமொன்றில் பிறந்தவன் நான். மாலையில் விளக்கேற்றியதும் அம்மா செபமாலையை எடுத்துவிடுவார். நாங்கள் உறங்கி விழுந்தாலும் அடுத்தவர் முழங்கையால் இடித்து எழுப்புவார். செபம் முடியாமல் சோறு இல்லை என்பது வீட்டுச் சட்டம். அக்காலத்தில் அதனை ஒரு தண்டனையாகவே எண்ணியிருந்தோம்.

கொழும்புக்கு வந்து பத்திரிகைத் தொழிலில் சேர்ந்தபோது முதலில் போனது ஞாயிறு பூசை. திங்கட்கிழமைப் பத்திரிகை ஞாயிற்றுக்கிழமையன்றுதான் தயாராகும் என்பது ஆசிரியபீடத்தில் பணிபுரிந்தோருக்குத் தெரியும். இரவுப் பணி முடித்து அதிகாலையில் படுக்கைக்குச் செல்பவனுக்குக் காலைப் பூசை எட்டாக்கனி. பின்னர் மாலைச் செபம் போயிற்று. இருந்தும் உறங்குமுன் சிலுவை அடையாளமிட்டு ஓரிரு வார்த்தை சொல்லும் பழக்கம் மட்டும் எஞ்சியிருந்தது.

அதுவும் நின்றது 1995 ஜூலை 9 ஆம் திகதி. அன்று ஞாயிற்றுக்கிழமை. இராணுவ நடவடிக்கைக்கு அஞ்சி ஓடிவந்த மக்கள் தஞ்சம் புகுந்திருந்த நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்தின் மீது விமானக் குண்டுகள் வீழ்ந்தன. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மறுநாள் பத்திரிகைக்கான மேசையில் அமர்ந்திருந்தவன் நான். வந்துகொண்டிருந்த எண்ணிக்கையைத் தலைப்பில் மாற்றி மாற்றி எழுதினேன். தேவாலயத்தினுள் இருந்தால் பாதுகாப்பு என்று நம்பி ஓடியவர்கள் அவர்கள். அன்றிரவு படுக்கையில் கையை நெற்றிக்குக் கொண்டுபோனேன். பின்னர் இறக்கிவிட்டேன். அவ்வளவுதான்.

நான் நாத்திகனாகிவிடவில்லை. எவருடனும் வாதிடவுமில்லை. பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தேன், நத்தாருக்குத் தேவாலயம் சென்றேன், திருமணங்களில் முன்வரிசையில் அமர்ந்தேன். கத்தோலிக்கன் என்ற பெயர் அப்படியே இருந்தது. உள்ளே பேச்சு மட்டும் நின்றுவிட்டது. ஒரே வீட்டில் வாழ்ந்துகொண்டு கதைக்காமலிருக்கும் இருவரைப்போல ஆண்டவரும் நானும் இருபத்திரண்டு ஆண்டுகளைக் கழித்தோம்.

2017 இல் எனது பேத்தி முதல் நன்மைக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். மனஸ்தாப மந்திரத்தை மனனம் செய்துவிட்டு, "தாத்தா, சரியோ எண்டு பாருங்கோ" என்று புத்தகத்தை என் கையில் தந்தாள். அவள் தடுமாறிய இடத்தில் அடுத்த சொல்லை எடுத்துக் கொடுக்க முயன்றேன். வரவில்லை. ஏழு வயதில் நான் பாராமல் சொன்ன மந்திரம் அது. புத்தகத்தைப் பார்த்தே சொல்லிக் கொடுத்தேன். பிள்ளை எதையும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

அவிலாவின் கிணறும் எங்கள் கிணறும்

அக்காலத்தில் வாசிக்கக் கிடைத்த நூல்களில் ஒன்று, அவிலாவின் புனித தெரேசா எழுதிய தன்வரலாறு. 1515 இல் ஸ்பெயினில் பிறந்து 1582 இல் மறைந்த கார்மேல் சபைத் துறவி அவர். 1970 இல் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவிக்கப்பட்டவர். செபத்தின் ஆசிரியை என்று போற்றப்படும் அந்த அம்மையார், தாம் ஒரு காலத்தில் தனிச் செபத்தையே கைவிட்டிருந்ததாக ஒளிவுமறைவின்றி எழுதியிருக்கின்றார். செபத்திற்கென ஒதுக்கிய நேரம் எப்போது முடியும் என்று கடிகாரத்தின்மீதே கண்ணாக இருந்த ஆண்டுகள் தமக்கு உண்டென்றும் ஒப்புக்கொள்கின்றார். புனிதர்களுக்கும் இப்படியா என்று எனக்கு வியப்பாகவும் ஆறுதலாகவும் இருந்தது.

அவர் ஆன்மாவைத் தோட்டமாகவும் செபத்தைத் தோட்டத்துக்கு நீர் பாய்ச்சுதலாகவும் உருவகிக்கின்றார். நீர் பாய்ச்ச நான்கு வழிகள் உள்ளனவாம். கிணற்றில் வாளிவிட்டுக் கையால் இறைப்பது முதலாவது. நீர்ச்சக்கரத்தைச் சுற்றி இறைப்பது இரண்டாவது. ஆற்றிலிருந்தோ ஓடையிலிருந்தோ பாயவிடுவது மூன்றாவது. மழை பெய்வது நான்காவது. முதலாவதில் உழைப்பு முழுவதும் மனிதனுடையது. நான்காவதில் எல்லாம் இறைவனுடையது. தொடங்குபவன் கிணற்றில் இறைத்தே தீரவேண்டும். கிணறு வற்றிக் கிடந்தாலும் வாளியை விடுவதை நிறுத்தக்கூடாது என்பது அவரது கருத்தின் சாரம்.

இதனை யாழ்ப்பாணத்தானுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. எங்கள் மண்ணில் ஆறில்லை. சுண்ணாம்புப் பாறைக்குள் தேங்கும் மழைநீரைக் கிணறு தோண்டி எடுத்தே நாங்கள் வாழ்ந்தோம். நீரிறைக்கும் இயந்திரம் வருமுன் துலாவில் ஒருவர் முன்னும் பின்னும் நடக்க, கிணற்றடியில் ஒருவர் பட்டையைப் பிடிக்க, இன்னொருவர் தோட்டத்தில் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறுவார். எனது தகப்பனார் துலா மிதித்ததை நான் கண்டிருக்கின்றேன். விடியுமுன் தொடங்கும் அந்த வேலை, மனம் விரும்பினால் செய்வதும் விரும்பாவிட்டால் விடுவதுமான வேலையன்று. இறைப்பு ஒரு முறை தவறினால் புகையிலை வாடிவிடும்.

இறைத்த கிணறு ஊறும், இறையாத கிணறு நாறும் என்பது எங்கள் பழமொழி. கைவிடப்பட்ட கிணற்றில் நீர் இல்லாமலில்லை. பாசி படர்ந்து, குப்பை விழுந்து, எவரும் குடிக்க முடியாத நீராகக் கிடக்கும். எனது நிலையும் அதுவே. நம்பிக்கை வற்றவில்லை. இறைக்காமல் விட்டதனால் கெட்டுப்போயிருந்தது.

குருவானவர் இல்லாத இருபத்தொன்பது ஆண்டுகள்

எங்கள் முன்னோரின் வரலாற்றில் இதற்கொரு பாடமுண்டு. 1658 இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் கையில் வீழ்ந்தது. கத்தோலிக்கக் குருமார் வெளியேற்றப்பட்டனர். தேவாலயங்கள் பறிக்கப்பட்டன. குருமாருக்குப் புகலிடம் கொடுப்பது கடும் தண்டனைக்குரிய குற்றமாயிற்று. 1687 இல் கோவாவிலிருந்து யோசேப் வாஸ் அடிகளார் கூலியாள் வேடத்தில் வந்து சேரும்வரை, ஏறத்தாழ இருபத்தொன்பது ஆண்டுகள் இங்கிருந்த கத்தோலிக்கருக்குப் பூசையில்லை, பாவசங்கீர்த்தனமில்லை.

அடிகளார் செபமாலையைக் கழுத்தில் அணிந்துகொண்டு வீடுவீடாகப் பிச்சை கேட்டுச் சென்றார் என்பது வரலாறு. அந்த மாலையைக் கண்டதும் எவருடைய முகம் மாறுகின்றதோ அவரே தமது மந்தையைச் சேர்ந்தவர் என அறிந்துகொண்டார். சில்லாலையில் மறைந்திருந்து இரவில் பூசை ஒப்புக்கொடுத்தார். பின்னர் கண்டி இராச்சியம் சென்று, ஒற்றனெனச் சந்தேகிக்கப்பட்டுச் சிறையிருந்து, 1711 ஜனவரி 16 இல் கண்டியிலேயே மறைந்தார். 2015 ஜனவரி 14 அன்று காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராகப் பிரகடனஞ் செய்தார். அன்று பிற்பகல் பாப்பரசர் மடுத்திருப்பதிக்கும் சென்றார். அந்தச் செய்திகளை வாசித்த வேளையில் என் சிந்தனை புனிதரைவிட, அவர் தட்டிய கதவுகளுக்குப் பின்னால் இருந்தவர்களையே சுற்றி நின்றது.

இருபத்தொன்பது ஆண்டுகள் என்பது ஒரு தலைமுறைக் காலம். 1658 இல் கைக்குழந்தையாக இருந்தவள் 1687 இல் பிள்ளைகளின் தாயாக இருந்திருப்பாள். பூசையையே கண்டிராத அவளுக்குச் செபமாலை என்னவென்று எப்படித் தெரிந்தது? வீட்டில் எவரோ ஒருவர் ஒவ்வொரு மாலையும் இறைத்துக்கொண்டே இருந்திருக்க வேண்டும். அநேகமாக அது ஒரு தாயாகவோ பாட்டியாகவோதான் இருந்திருக்கும். எனக்குத் தேவாலயமும் இருந்தது, குருவானவரும் இருந்தார், சுதந்திரமும் இருந்தது. இருபத்திரண்டு ஆண்டுகளில் மந்திரத்தையே மறந்துவிட்டேன்.

உணர்ச்சி வேறு, உறவு வேறு

இன்று ஆன்மீகப் புதுப்பித்தல் என்றதும் பலர் பெரும் கூட்டங்களையே எண்ணுகின்றார்கள். ஒலிபெருக்கி, இசைக்குழு, கண்ணீர், ஆரவாரம். அவற்றால் எவருமே பயன்பெறவில்லை என்று நான் கூறமாட்டேன். ஆனால் சனிக்கிழமை இரவு பொங்கிய உணர்ச்சி திங்கட்கிழமை காலை வடிந்ததும், தேவனே தம்மைவிட்டு அகன்றுவிட்டதாகக் கலங்கி, அடுத்த கூட்டத்தைத் தேடி ஓடுபவர்களையும் நான் அறிவேன். அவர்கள் மழையை மட்டுமே நம்பித் தோட்டம் செய்பவர்கள்.

அன்னை தெரேசாவின் கடிதங்கள் 2007 இல் நூலாக வெளிவந்தபோது உலகம் அதிர்ந்தது. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அவர் இறைவனின் அருகாமையை உணரமுடியாத இருளில் வாழ்ந்தார் என்பது அப்போதுதான் வெளிப்பட்டது. அவர் போலி என்று சிலர் எழுதினார்கள். எனக்கோ அது எதிர்மாறாகவே பட்டது. உணர்வு இல்லாத நிலையிலும் அதிகாலையில் எழுந்து செபித்து, கல்கத்தாத் தெருவில் கிடந்தவரைத் தூக்கிச் சென்றாரே, அதற்குப் பெயர்தான் உறவு. நோயுற்ற மனைவியை ஆண்டுக்கணக்கில் பராமரிக்கும் கணவனுக்கு ஒவ்வொரு நாளும் காதல் பொங்குவதில்லை. ஆயினும் அவன் மருந்து கொடுக்கத் தவறுவதில்லை.

பழைய ஏற்பாட்டின் எலியா இறைவாக்கினர் சோர்ந்து, சாவை வேண்டிச் சூரைச்செடியின் கீழ்ப் படுத்த கதை அரசர்கள் முதலாம் நூலில் வருகின்றது. அவருக்கு இறைவன் அனுப்பிய முதலாவது பதில் உபதேசமன்று. சுட்ட அப்பமும் ஒரு குவளை நீரும். உண்டார், மீண்டும் உறங்கினார். எழுப்பி மீண்டும் உணவு கொடுக்கப்பட்டது. அதன் பின்னரே நாற்பது நாள் நடை. ஓரேபு மலையில் பெருங்காற்றிலும் நிலநடுக்கத்திலும் நெருப்பிலும் இல்லாத ஆண்டவர் மெல்லிய ஓசையில் வந்தார். களைத்தவனுக்கு முதலில் ஓய்வு வேண்டும் என்பதைக் கடவுளே அறிந்திருக்கின்றார். நாம்தான் களைத்தவனைக் குற்றவாளியாக்கிவிடுகின்றோம்.

நினை, திரும்பு, செய்

திருவெளிப்பாட்டு நூலில் எபேசு சபைக்கு எழுதப்பட்ட கடிதமொன்று உண்டு. அச்சபையில் உழைப்புக்குக் குறைவில்லை, பொறுமைக்குக் குறைவில்லை, கோட்பாட்டிலும் பிழையில்லை. ஒரேயொரு குறைதான்: ஆரம்பத்தில் இருந்த அன்பைக் கைவிட்டுவிட்டது. அதற்குக் கூறப்படும் பரிகாரத்தில் மூன்று வினைகள் இருக்கின்றன. எங்கிருந்து விழுந்தாய் என நினைத்துப் பார்த்தல், மனந்திரும்புதல், முன்பு செய்தவற்றை மறுபடி செய்தல். முன்பு உணர்ந்ததை மறுபடி உணர வேண்டும் என்று அக்கடிதம் கேட்கவில்லை. செயலைத்தான் கேட்கின்றது. உணர்ச்சி எமது கட்டளைக்கு வராது. கையும் காலும் வரும்.

நினைத்தல் எனக்குப் பேத்தியின் புத்தகத்தோடு தொடங்கியது. திரும்புதல் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் நடந்தது. இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின்னர் முழந்தாளிட்டபோது, நான் ஆயத்தம் செய்து வைத்திருந்தது நவாலியைப் பற்றிய எனது கோபத்தை. அதனைச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்த குருவானவர் என்னைவிட முப்பது வயதாவது இளையவர். அவர் விளக்கம் எதுவும் கூறவில்லை. சங்கீதங்களில் பெரும் பகுதி இப்படிப்பட்ட முறைப்பாடுகளே என்றும், கோபித்துக்கொண்டாவது கதையுங்கள் என்றும் சொன்னார். பின்னர் ஒரு கேள்வி கேட்டார்.

"ஐயா, உறவுக்காரர் ஆரோடையாவது கதைக்காமல் இருக்கிறீங்களோ?"

அதற்கு நான் ஆயத்தமாக இருக்கவில்லை.

2003 இல், சமாதான காலத்தில், ஊரில் காணி பிரித்தபோது தகப்பனாரின் கிணற்றுப் பங்கு தொடர்பாக எனக்கும் எனது தமையனாருக்கும் பிணக்கு ஏற்பட்டது. வாய்க்கால் எவர் காணியால் செல்வது என்பதே விடயம். பங்குக் கிணற்றால் பகை கொண்ட குடும்பங்கள் யாழ்ப்பாணத்தில் எத்தனையோ. நான் கொழும்பிலிருந்து சட்டத்தரணி மூலம் ஒரு கடிதம் அனுப்பினேன். அதன் பின்னர் பதினான்கு ஆண்டுகள் இருவரும் கதைக்கவில்லை. கொழும்பில் வாழும் எனக்கு அந்தக் கிணற்றில் ஒரு வாளி நீர்கூடத் தேவைப்பட்டதில்லை.

காணிக்கை செலுத்த வந்த இடத்தில் சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் உண்டென்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் அவனிடம் போ என்பது மலைப்பொழிவில் இயேசு கூறியதன் பொருள். கவனிக்க வேண்டியது என்னவெனில், அவர் கூறுவது உனக்கு அவன்மேல் மனத்தாங்கல் இருந்தால் என்றல்ல, அவனுக்கு உன்மேல் இருந்தால் என்பதே. இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கடவுள்மேல் எனக்கிருந்த முறைப்பாட்டை நான் சுமந்தேன். தமையனாருக்கு என்மேலிருந்த முறைப்பாட்டை ஒரு நாளும் எண்ணிப் பார்க்கவில்லை. எனக்கிட்ட பரிகாரம் மூன்று அருள்நிறை மந்திரமும் ஊருக்கு ஒரு பயணமும்.

அடுத்த கிழமை இரவு ரயிலில் சென்றேன். காலை ஒன்பது மணியளவில் படலையைத் திறந்தபோது அண்ணர் முற்றத்தில் தென்னோலை கிழித்துக்கொண்டிருந்தார். எண்பதை நெருங்கிய உடம்பு. சிறிது நேரம் என்னையே பார்த்தார்.

"வா. சாப்பிட்டனியோ?"

கடிதத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை. நான் ஆயத்தம் செய்திருந்த வார்த்தைகளில் பாதிதான் வாயில் வந்தது. அவர் கையை அசைத்து நிறுத்திவிட்டு, அண்ணியை அழைத்துத் தேநீர் போடச் சொன்னார். மூன்று முறை மறுதலித்த பேதுருவைத் திபேரியாக் கடற்கரையில் சந்தித்த உயிர்த்த ஆண்டவரும், கரிநெருப்பில் மீனும் அப்பமும் ஆயத்தமாக்கி முதலில் சாப்பிடத்தான் அழைத்தார் என்று யோவான் எழுதுகின்றார். கேள்வி பின்னர்தான் வந்தது. அதுவும் குற்றத்தைப் பற்றியதன்று, அன்பைப் பற்றியது.

வாய்க்கால் பிரச்சினை இன்றுவரை தீர்க்கப்படவில்லை என்பதையும் உண்மையை மறைக்காமல் கூறவேண்டும். உறுதி இன்னமும் எனது அலுமாரியில் இருக்கின்றது. ஆயினும் அன்றிரவு, அம்மா இருந்து செபித்த அதே விறாந்தையில், நான் மறந்த மந்திரங்களை அண்ணர் தொடங்கிவைக்க நான் முடித்தேன். பதினான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு கடிதத்தால் நான் அடைத்தது ஒரு வாய்க்காலை மட்டுமன்று என்பது அப்போது விளங்கியது.

மறுபடியும் ஒரு ஞாயிறு

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலம், கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பின் ஹோட்டல்கள். 250 க்கும் அதிகமானோர் மாண்டனர். நவாலியைப் போன்றே அதுவும் ஞாயிறு, அதுவும் தேவாலயம். ஓய்வுபெற்றுவிட்டதால் தலைப்பு எழுதும் வேலை எனக்கிருக்கவில்லை. கோபம் அதே கோபமாகவே வந்தது. இன்றும் அது அடங்கவில்லை. இந்தக் கேள்விக்கு விடை கண்டுவிட்டேன் என்று எழுதினால் அது பொய்யாகும்.

ஒரேயொரு வேறுபாடு. அன்றிரவு கையை நெற்றிக்குக் கொண்டுபோனேன், இறக்கவில்லை. முறைப்பாட்டைச் சுவருக்குச் சொல்லாமல் அவரிடமே சொன்னேன். அடுத்த ஞாயிறு தேவாலயங்களில் பொதுப் பூசை நடைபெறவில்லை. பேராயர் ஒப்புக்கொடுத்த திருப்பலியைத் தொலைக்காட்சியில் கண்டோம். மறு ஆண்டு கொரோனாவினால் உயிர்த்த ஞாயிறன்றும் கதவுகள் மூடியே கிடந்தன. யோசேப் வாஸ் அடிகளார் தேடிவந்த அந்த வீடுகளைப்போல எங்கள் வீட்டுக்கூடமும் சிறிது காலம் தேவாலயமாயிற்று. பேத்தி மந்திரம் சொன்னாள். நான் புத்தகம் பாராமல் பதில் சொன்னேன்.

என்னைப்போல் பேச்சு நின்றுபோனவர்கள் இதனை வாசிக்கக்கூடும். அவர்களுக்கு நான் கூறக்கூடியது சிறியது. பெரிய தீர்மானங்கள் வேண்டாம். நாளொன்றுக்குப் பதினைந்து நிமிடம் போதும். லொயோலா இஞ்ஞாசியார் தமது சபையினருக்குக் கற்பித்ததுபோல், உறங்குமுன் அன்றைய நாளை ஒருமுறை பின்னோக்கிப் பாருங்கள். எதற்கு நன்றி சொல்லலாம், எங்கே பிழைத்தோம், நாளை என்ன செய்யலாம். பத்திரிகை அச்சுக்குப் போகுமுன் பிழை திருத்தும் வேலையைப் போன்றதே இது. வார்த்தை வராவிட்டால் மௌனமாக இருங்கள். கோபம் வந்தால் கோபத்தையே சொல்லுங்கள். கதைக்காமலிருக்கும் சகோதரன் ஒருவன் இருந்தால், செபத்திற்கு முன்னர் ரயில் அனுமதிச்சீட்டை எடுங்கள்.

முதல் நாட்களில் வாளியில் சேறுதான் வரும். எனக்கும் அப்படித்தான் வந்தது. பாழ்பட்ட கிணற்றைத் திருத்தியவர்கள் எவரும் அதைக் கண்டு வாளியைப் போட்டுவிட்டுப் போனதில்லை. நல்ல ஊற்று கண்ணில் படும்வரை இறைத்துக்கொண்டே இருப்பார்கள்.

இவ்வருடத்துச் சாம்பலை நான் துடைக்கவில்லை. மாலையில் முகம் கழுவும்போது அது தானாகவே போயிற்று.